புரட்டாசியில் இறங்கிய ஐ.என்.ஆர்.

1. நிற்காத ரத்தம்

பரிமளா அன்று கிளினிக்குக்குள் வரும்போது இடது ஆள்காட்டி விரலில் மெரூன் நிறப் பட்டுத் துணியைச் சுற்றியிருந்தார். ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய துண்டு. காலையில் ஊசி குத்தியதாம். எங்களிடம் வந்து சேர்ந்தபோது மத்தியானம். துணியை அவிழ்த்தேன். இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

“தையல்காரிக்கு ஊசி குத்துறது என்ன புதுசா அக்கா? ரத்தம்தான் நிக்க மாட்டேங்குது” என்றார்.

நான் அப்போது அரசாங்க மருத்துவமனை ஒன்றில் மருந்தாளர். வார்ஃபரின் சாப்பிடும் நோயாளிகளுக்கென்று இருக்கும் கிளினிக்கைப் பார்த்துக்கொண்டேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை அது. இதயத்தில் மெட்டல் வால்வு வைத்தவர்கள் அதை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அளவு கூடினால் ரத்தம் கசியும். குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி சேரும், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அளவு சரியாக இருக்கிறதா என்று காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தால் உடனே தெரிந்துவிடும்.

பரிமளாவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதய வால்வைக் கெடுத்துவிட்டது. பிறகு ஆபரேஷன் செய்து மெட்டல் வால்வு வைத்தார்கள். தேக்கா சந்தைக் கட்டடத்தின் மேல்மாடியில் தையல் கடை. ஐம்பதை நெருங்கும் வயது. அவருடைய ஐ.என்.ஆர். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். வருடக்கணக்காக அந்த எல்லைக்குள்ளேயே இருந்தது. “நல்ல பேஷன்ட்” என்று நாங்கள் சொல்லும் ஆட்களில் ஒருவர்.

அன்று மெஷின் 6.2 காட்டியது. இன்னொரு விரலில் எடுத்துப் பார்த்தேன். அதேதான்.

“புதுசா மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா? ஆன்டிபயாட்டிக்? வலி மாத்திரை?”

“இல்லக்கா.”

“நாட்டு மருந்து?”

“அதெல்லாம் எனக்கு எதுக்குக்கா? இல்ல.”

ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் அவர் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. முகம் சிவந்திருந்தது. காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை. “வெளியில வெயில் லா” என்று சொல்லி, கையிலிருந்த அப்பாயின்ட்மென்ட் கார்டால் விசிறிக்கொண்டார்.

2. “டபுளாப் போட்டிருப்பாங்க”

எங்கள் கிளினிக்கை மேற்பார்வையிட்டவர் டாக்டர் பிரவீன். இதய மருத்துவர், கெட்டிக்காரர். ஆனால் எப்போதும் அடுத்த நோயாளியை நோக்கி ஓடிக்கொண்டிருப்பவர். ரிசல்ட்டைப் பார்த்ததும் சொன்னார்:

“கன்ஃபர்ம், டபுளாப் போட்டிருப்பாங்க, மாலதி. சாப்பிட்டது மறந்து போயிருக்கும், இன்னொரு தடவ போட்டிருப்பாங்க. பில் பாக்ஸ் கொடுங்க. டோஸையும் கொஞ்சம் குறைச்சிடுவோம்.”

மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தி, எண் இறங்கியதும் குறைந்த டோஸில் மறுபடி தொடங்கினோம். கிழமைவாரியாக அறை பிரித்த பில் பாக்ஸை நானே நிரப்பிக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது அறைகள் சரியாகக் காலியாகியிருந்தன. ஐ.என்.ஆர். மட்டும் மறுபடி ஐந்தைத் தாண்டியிருந்தது. வெட்டும் மேசையின் ஓரத்தில் இடித்துக்கொண்டதில் தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப்போயிருந்தது.

டாக்டர் பிரவீன் அன்று நேரிலேயே கேட்டுவிட்டார். “மேடம், மாத்திரைய ஒழுங்கா சாப்பிடலைன்னா நாங்க என்ன செஞ்சாலும் வேஸ்ட்.”

பரிமளா எழுந்து நின்றார். “ஆபரேஷன் பண்ண நாள்லேருந்து சாப்பிடுறேன் டாக்டர். என் கல்யாண நாள் அன்னிக்குக்கூட மறக்கல. என்னப் பார்த்தா மாத்திரைய எண்ணத் தெரியாதவ மாதிரியா இருக்கு?”

டாக்டர் டோஸை இன்னொரு முறை குறைத்துவிட்டுப் போனார். எனக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. துணியை ஒரு நூல் பிசகாமல் வெட்டுகிறவர், மாத்திரையில் மட்டும் தடுமாறுவாரா? வேறு ஏதோ இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

3. விரத மாதம்

புரட்டாசி பாதியில் பரிமளா வந்தார். மெஷின் 1.6 காட்டியது.

இதைப் படிக்கும் இளம் மருந்தாளர்களே, ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண் ஏறினால் எல்லாரும் பதறுவார்கள், ஏனென்றால் ரத்தம் கண்ணுக்குத் தெரியும். எண் இறங்கினால் ஒன்றுமே தெரியாது. நோயாளி சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். வால்வில் கட்டி சேர்ந்துகொண்டிருக்கும். எனக்கு 6.2ஐவிட அந்த 1.6தான் அதிகப் பயத்தைக் கொடுத்தது.

“புரட்டாசி லா” என்றார் டாக்டர் பிரவீன் உடனே. “சைவம். கீரையா சாப்பிட்டிருப்பாங்க.”

கீரையில் இருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். எண் இறங்கும். யாரும் முதலில் நினைப்பது அதைத்தான். பரிமளாவிடம் கேட்டேன்.

“கீரையா? வால்வு வச்ச பிறகு அத நான் அளந்துதான் சாப்பிடுறேன். நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? அதுல இந்த மாசம் ஒண்ணும் மாறலக்கா.”

எண் சரியாகும்வரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியை வயிற்றில் போட்டாக வேண்டும். எப்படிப் போட்டுக்கொள்வது என்று காட்டினேன். அவர் தன் சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசியை இறக்கியதைப் பார்த்தபோது, இந்தப் பெண் எதையும் அரைகுறையாகச் செய்பவர் இல்லை என்று எனக்கு இன்னும் உறுதியானது.

அப்போதுதான் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். இத்தனை நாள் எல்லாரும் ‘புதிதாக எதைச் சாப்பிட்டீர்கள்’ என்றே கேட்டுக்கொண்டிருந்தோம்.

“பரிமளா, புரட்டாசிக்காக எதையெல்லாம் நிறுத்துனீங்க?”

“எல்லாரும் நிறுத்துறதுதான். மீனு, முட்டை, கோழி.”

“கோழிய எப்படிச் சாப்பிடுவீங்க?”

“கறியா வைப்பேன். எப்பவாச்சும் சூப்...” அந்தச் சொல்லோடு நிறுத்திவிட்டார். கண்ணை என்னிடமிருந்து எடுத்துக் கதவைப் பார்த்தார்.

“என்ன சூப்?”

“ஒண்ணுமில்லக்கா. நான் கிளம்பணும். தீபாவளி ஆர்டர் குவிஞ்சு கிடக்குது.”

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

4. தேக்கா மேல்மாடி

அந்தச் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஒரு புடவையையும் ரவிக்கைத் துணியையும் எடுத்துக்கொண்டு தேக்காவுக்குப் போனேன். நோயாளியின் கடைக்குப் போவது எங்கள் வழக்கமில்லை. ஆனால் ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல முடியாத எதையோ வைத்துக்கொண்டு பக்கவாதத்தை நோக்கி நடக்கிறாள் என்று தெரிந்தபின் கிளினிக்கில் உட்கார்ந்து காத்திருக்க என்னால் முடியவில்லை.

மேல்மாடியில் தீபாவளிக் கூட்டம். கடைக்குக் கடை புடவைகள் தொங்கின. பரிமளா மெஷினுக்குப் பின்னால் இருந்தார். என்னைப் பார்த்ததும் கால் மிதியிலிருந்து இறங்கியது.

“அக்கா? இங்க எதுக்கு?”

“ரவிக்கை தைக்க.”

அவர் நம்பவில்லை. இருந்தாலும் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். கூட்டத்தில் நெருக்கியடித்து வந்ததில் எனக்கு வேர்த்து ஊற்றியது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கடையில் பட்டன், ஜிப், லேஸ் விற்கும் சீனப் பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐரீன் என்று பெயர். அறுபது வயதிருக்கும்.

“ஐயோ, யூ ஆல்சோ ஆ?” என்று சிரித்தார்.

பிறகு அவர் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். “வெட்கப்படாதே. எல்லாருக்கும் வருவதுதான். எனக்கு வந்தபோது ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். பரிமளாவும் அப்படித்தான் இருந்தாள், பாவம். இப்போது பார், எவ்வளவு தேவலை! இரு, உனக்கும் தருகிறேன்.”

கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். காப்ஸ்யூல்கள். லேபிள் முழுக்கச் சீன எழுத்து. பரிமளாவின் முகம் வெளுத்துவிட்டது.

“இதில் என்னென்ன இருக்கிறது, படித்துச் சொல்கிறீர்களா?” என்று ஐரீனைக் கேட்டேன்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாக வாசித்தார். முதல் பெயர் டாங் குவாய். சீனப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக உடம்புக்கு நல்லதென்று கோழியோடு சேர்த்துச் சூப் வைக்கும் வேர். இரண்டாவது டான்ஷென், அதுவும் ஒரு வேர். இரண்டுமே வார்ஃபரினின் வேலையைக் கூட்டிவிடக்கூடியவை என்று எங்கள் துறையில் தெரிந்தவை. வாரம் ஒருமுறை பரிமளாவுக்குத் தான் கொண்டுவரும் சூப்பிலும் டாங் குவாய்தான் என்றார் ஐரீன்.

நான் ஒன்றும் சொல்லுமுன் பரிமளா என் கையைப் பிடித்துக் கடையின் உள்பக்கம் இழுத்துப் போனார்.

“அக்கா, அவங்கமேல கம்ப்ளெயின்ட் போட்றாதீங்க. எங்க வீட்டுக்காரரு போனப்ப பதினாறு நாளும் என் கடையத் திறந்து வச்சுப் பார்த்துக்கிட்டது அவங்கதான். நல்லதுக்குத்தான் கொடுத்தாங்க. அவங்க மாட்டிக்கிட்டா என்னால தாங்க முடியாது.”

“அதனாலதான் எங்ககிட்ட மறைச்சீங்களா?”

“அதுவும்தான். அதுவுமில்லாம அந்த டாக்டர்கிட்ட போயி எனக்கு உடம்பு சுடுது, தூக்கம் வரல, தீட்டு நிக்கிற நேரம்னு எப்படிச் சொல்றது? எங்க அண்ணன் மகன் வயசு அவருக்கு.”

“புரட்டாசியில ஏன் நிறுத்துனீங்க?”

“சூப்புல கோழி. மாத்திரையோட கூடு எதுல செஞ்சதுன்னு தெரியல, மாடோ பன்னியோ. விரத மாசத்துல வேணாம்னு விட்டேன்.”

எல்லாம் புரிந்துவிட்டது. மூலிகை எண்ணை ஏற்றியது. நாங்கள் காரணம் தெரியாமல் மாத்திரையைக் குறைத்தோம். விரதத்தில் மூலிகை நின்றது. குறைத்த மாத்திரை மட்டும் போதவில்லை. புரட்டாசி முடிந்து அவர் மறுபடி தொடங்கியிருந்தால் எண் மறுபடி ஏறியிருக்கும். தீபாவளி அவசரத்தில் ஒரு தடவை வழுக்கித் தலையில் அடிபட்டால் போதும்.

“நான் போலீஸ் இல்ல, பரிமளா. இந்த மருந்துல குத்தம் இருக்கறதா எனக்குத் தெரியல. ஐரீன்மேலயும் குத்தம் இல்ல. உங்க வார்ஃபரினோட இது சேரக்கூடாது, அவ்வளவுதான். இனிமே இதத் தொடாதீங்க. சூப்பும் வேணாம். திங்கக்கிழமை வாங்க, டோஸ சரி பண்ணுவோம்.”

ஆறுதல் அடைவார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் கோபம் வந்தது.

“தொடாதீங்கன்னு ஈசியா சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எப்படி வேலை செய்யறது? இத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என் கை வேர்வை பட்டுக் கல்யாணப் பட்டு ரெண்டு கறையாச்சு. ஒரு பொண்ணோட அம்மா ‘எப்ப தருவீங்க’ன்னு கேட்டதுக்கு வாயில வந்தபடி ஏசிட்டேன். நான் அப்படிப்பட்டவ இல்லக்கா. ராத்திரியில உடம்பு திகுதிகுன்னு எரியுது. பாதித் தூக்கத்துல ஓவர்லாக் மெஷின்ல கைய வச்சா என் பொழப்பு என்னாகும்? இதச் சாப்பிட்டப்பறம்தான் நான் மனுஷியா இருக்கேன். நீங்க எனக்கு வேற என்ன தருவீங்க?”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “நான் உங்களுக்கு ஒரு வழி பண்ணாம விடமாட்டேன். அது கிடைக்கிற வரைக்கும் பொறுத்துக்குங்க.”

வெளியே வந்து ஐரீனிடமும் விளக்கினேன். கேட்டு முடிக்குமுன் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். “நான் இவளைக் கொல்லப் பார்த்தேனா?” பரிமளா ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். “இல்ல ஆன்ட்டி, நோ லா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு பேரும் அழுதார்கள். ரவிக்கைக்கு அளவெடுக்க எல்லாரும் மறந்துபோனோம்.

5. “இது நம்ம கிளினிக் பிரச்சினை இல்ல”

திங்கட்கிழமை டாக்டர் பிரவீனிடம் நடந்ததைச் சொன்னேன், நான் கடைக்குப் போனது உட்பட. முதலில் அதற்கு முகம் சுளித்தார். பிறகு கேஸ் ஷீட்டில் மூலிகைப் பெயர்களை எழுதிக்கொண்டார்.

“ஓகே. மூலிகைய நிறுத்தியாச்சு. பிராப்ளம் சால்வ்ட்” என்றார்.

“ஆகல டாக்டர். அவங்களுக்கு ஹாட் ஃப்ளஷ் தாங்க முடியல. வேற வழி காட்டலைன்னா திரும்ப அந்தப் பாட்டிலுக்குத்தான் போவாங்க. அடுத்த தடவ நம்மகிட்ட சொல்லவும் மாட்டாங்க.”

“மெனோபாஸ் நம்ம கிளினிக் பிரச்சினை இல்ல, மாலதி. கைனிக்கு ரெஃபர் பண்ணுங்க.”

“பண்ணிட்டேன். தேதி ரொம்பத் தள்ளிக் கிடைக்குது. ஐ.என்.ஆர். நம்ம பிரச்சினைதானே? அது ஆறுக்குப் போனதுக்குக் காரணமே மெனோபாஸ்தான். நீங்க ஒரு போன் பண்ணுங்க. நான் கேட்டா வெயிட்டிங் லிஸ்ட்தான். நீங்க கேட்டா நடக்கும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அறையை விட்டு நகரவில்லை. கடைசியில் போனை எடுத்தார்.

வழி சுலபமாகக் கிடைக்கவில்லை. மெட்டல் வால்வு உள்ளவருக்கு ஹார்மோன் மாத்திரை கொடுக்கக் கைனி பிரிவின் மகளிர் மருத்துவர் தயங்கினார். ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டிவிடலாம் என்றார். உடல் சூட்டுக்குக் கொடுக்கும் மனச்சோர்வு மாத்திரைகளில் சில, வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும். ஒவ்வொரு பெயராக எடுத்து, அவரும் நானும் டாக்டர் பிரவீனும் பேசி ஒதுக்கினோம். முடிவில் வார்ஃபரினோடு மோதாத ஒரு நரம்பு மாத்திரை, குறைந்த அளவில், படுக்கப் போகும்போது. கூடவே உடல் சூட்டையும் தூக்கமின்மையையும் சமாளிக்கப் பயிற்சி தரும் மனநல ஆலோசகர் ஒருவர்.

முதல் வாரம் பரிமளா மிகவும் சிரமப்பட்டார். மாத்திரையில் தலை சுற்றியது. ஒரு நாள் கடையிலிருந்து போன் செய்தார்.

“அக்கா, பாட்டில் இன்னும் ஆன்ட்டி கடையிலதான் இருக்கு. எனக்குக் கை துறுதுறுங்குது.”

“ஐரீன் தருவாங்களா?”

கோபமாகச் சொன்னார்: “கேட்டுட்டேன். கல்லாவ இழுத்துப் பூட்டிட்டாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார். டாக்டரிடம் கேட்டு நரம்பு மாத்திரையின் அளவை மெதுவாக ஏற்றச் சொன்னேன். மூலிகை இனி இல்லை என்பதால் வார்ஃபரின் டோஸை மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவந்தோம். வாரந்தோறும் வந்து விரல் நீட்டினார். தீபாவளி நெருக்கத்தில்கூட ஒரு தடவை தவறவில்லை.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் வந்தபோது ஐ.என்.ஆர். 2.9. நான் எண்ணைச் சொல்லுமுன் அவர் தன் செய்தியைச் சொன்னார்:

“நேத்து ராத்திரி படுத்தவ, அலாரம் அடிச்சுத்தான் எழுந்தேன். தலையணை காய்ஞ்சிருந்துச்சுக்கா!”

உடல் சூடு முழுக்கப் போய்விடவில்லை. பகலில் இன்னும் வரும், கடையில் சின்னக் காற்றாடி ஒன்று வைத்துக்கொண்டார். ஆனால் பட்டில் வேர்வைக் கறை இல்லை, ஏச்சு இல்லை. டாக்டர் பிரவீன் அன்று உள்ளே வந்து, “மேடம், நீங்க மாத்திரைய ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்கீங்க. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. சாரி” என்றார். பரிமளா தலையை மட்டும் அசைத்தார். டாக்டர் போனபிறகு, “பரவாயில்ல, நல்ல புள்ளதான்” என்றார் என்னிடம்.

ஐரீன் ஆன்ட்டி இப்போது யாருக்கும் அந்தப் பாட்டிலைச் சட்டென்று எடுத்துக் கொடுப்பதில்லையாம். “ஹார்ட் மெடிசின் காட்டு, பிளட் மெடிசின் காட்டு” என்று முதலில் விசாரணை நடத்துகிறாராம். பாதிப் பேர் பயந்து ஓடிவிடுகிறார்கள் என்று பரிமளா சொன்னார்.

6. வேலையில் சேர்கிறவர்களுக்கு

இது நடந்தபிறகு எங்கள் கிளினிக்கில் கேள்வியை மாற்றினேன். “வேறு மருந்து ஏதாவது?” என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றுதான் சொல்வார்கள், பொய் சொல்லவேண்டும் என்பதற்காக இல்லை. சூப்பு மருந்தில்லை, டீ மருந்தில்லை, தோழி கையில் வைத்தது மருந்தில்லை. அதனால், “உடம்புக்கு நல்லதுன்னு யாராவது ஏதாவது கொடுத்தாங்களா? யார் கொடுத்தாங்கன்னு நான் கேக்க மாட்டேன்” என்று கேட்கச் சொன்னேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்டபிறகுதான் பைகள் திறக்கும். ஐம்பது வயதுப் பெண் எதிரில் உட்கார்ந்தால், தூக்கம் எப்படி, உடம்பு சுடுகிறதா என்றும் நீங்களே கேளுங்கள். அவராகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். அறையில் ஆண்கள் இருந்தால் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். ‘இதைச் சாப்பிடாதே’ என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அதைச் சொன்னதும் நம் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எரியும் உடம்போடு எழுந்து போகிறவருக்கு அதற்குப் பதில் என்ன என்று தேடிக் கொடுக்கும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். டாக்டர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, போனை எடுக்கும்வரை நில்லுங்கள்.